அவனுக்கு மேல ரெண்டு போடு

பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்தபடி நிற்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நட்சத்திரங்களின் வயதைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். ஏரியைப் பார்த்தபடி என்பது விளம்பரப் பலகையில் இருந்த வாசகம். உண்மையில் ஏரி தெரிய வேண்டுமென்றால் ஒன்பதாவது மாடியில் துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் நன்றாகச் சாய வேண்டும்.

நான் அம்பத்தூரில் ஒரு கோச்சிங் சென்டரில் இயற்பியல் நடத்துகிறவன். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் என்னை அழைத்தபோதே தெளிவாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு அறிவியல் ஆர்வம் வர வேண்டும். அதற்காக ரொம்பவும் வந்து, கம்ப்யூட்டர் படிப்பை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கக் கிளம்பிவிடக் கூடாது. அளவாக ஆர்வமூட்டும்படி கேட்டுக்கொண்டார்.

பிரபஞ்சத்தின் வயது ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி ஆண்டுகள் என்றேன். முன்வரிசையில் காபி கோப்பையோடு இருந்தவர் கையைத் தூக்கினார்.

"சார், ஒரு டவுட். அப்போ யாரு சார் கூட இருந்து பார்த்தாங்க? எல்லாம் ஒரு குத்துமதிப்புதானே?"

"குத்துமதிப்புதான் சார். ஆனா எவ்வளவு தப்பா இருக்கலாம்கிறதையும் சேர்த்துச் சொல்ற குத்துமதிப்பு. சில கோடி கூடலாம், சில கோடி குறையலாம். நூற்றுக்கு ஒண்ணுகூடத் தப்பு வராது."

கை தட்டினார்கள். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அப்பா. வேலை நேரத்தில் அவர் போன் செய்கிறவர் இல்லை. படிக்கட்டுப் பக்கம் போய் எடுத்தேன்.

"டேய், எனக்கு அறுபது ஆவுதாம்டா."

"யாரு சொன்னது?"

"சூப்ரைசர்தான். ஜனவரி ஒண்ணுலேர்ந்து வராதன்றாரு. உனக்குத் தெரியுமா, எனக்கு அறுபதுன்னு?"

எனக்குத் தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு முன் பிரபஞ்சத்தின் வயதை நூற்றுக்கு ஒன்றுகூடப் பிசகாமல் சொல்லிக் கைதட்டல் வாங்கியவனுக்கு, அப்பாவின் வயது தெரியவில்லை.

அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் ஒப்பந்தத் தொழிலாளி. தகடு வெட்டும் இரும்பு அச்சுகளை, அதாவது டைகளை, அடுக்கி வைத்திருக்கும் ஸ்டோர் அவருடைய ராஜ்ஜியம். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த டை எந்த அலமாரியில், எந்தக் கறையோடு, எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் பட்டியல் போட ஆள் வைத்தார்கள். அந்த ஆளும் டை எங்கே என்று அப்பாவைக் கேட்டுத்தான் எழுதிக்கொண்டிருந்தான்.

மறுநாள் சூப்பர்வைசரைப் போய்ப் பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர்.

"தம்பி, எனக்குப் பெரியவரை அனுப்ப ஆசையா? அவர் போனா எனக்குத்தான் கை ஒடிஞ்ச மாதிரி. அட்டையில அறுபது ஆயிட்டா சிஸ்டம் பேரை எடுத்துரும். நான் எடுக்கல, சிஸ்டம் எடுக்குது. வயசைத் திருத்திட்டு வாங்க, நாளைக்கே சேர்த்துக்கிடுதேன்."

அதைத் திருத்துவதில் எனக்கு என்ன கஷ்டம் என்று நினைத்தேன். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்தை உள்ளிருந்து பார்த்த முதல் தலைமுறை நான். மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்கு யார் எந்தப் படிவம் நிரப்ப வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். அன்று மாலை அப்பாவின் காகிதங்களை எல்லாம் தரையில் பரப்பினேன்.

அடையாள அட்டைப்படி, வருகிற ஜனவரி முதல் தேதி அறுபது. குடும்ப அட்டைப்படி ஐம்பத்தேழு. வாக்காளர் அட்டைப்படி நாற்பத்திரண்டு. இந்தக் கடைசிக் கணக்கை வைத்துப் பார்த்தால் என் அக்கா பிறந்தபோது அப்பாவுக்கு வயது பன்னிரண்டு. அம்மாவிடம் சொன்னேன்.

"பரவால்ல, வயசுக்கு மீறின சாமர்த்தியம்தான் உங்கப்பனுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சிரிக்கலாம். ஆனால் விஞ்ஞானிகளுக்கும் இது நடந்திருக்கிறது. போன நூற்றாண்டின் முற்பாதியில் அவர்கள் கணக்குப் போட்டபோது பிரபஞ்சத்துக்கு ஏறத்தாழ இருநூறு கோடி வயது வந்தது. பூமியின் பாறைகளைச் சோதித்தவர்களோ பூமிக்கு அதைவிட அதிகம் என்றார்கள். அம்மாவைவிடப் பிள்ளை மூத்தது. இந்தக் கூத்தைச் சில வருடங்கள் தலையைச் சொறிந்துகொண்டே சகித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று இரண்டு வழியில் அளந்தால் இரண்டு விடை வருகிறது. அதைப் பொறுத்து வயதும் மாறும். கருத்தரங்கு போட்டுச் சண்டை போடுகிறார்கள். ஆனால் விடை ஒத்துவரவில்லை என்று பிரபஞ்சத்தை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை.

"வாக்காளர் அட்டையில எப்படிப்பா நாப்பத்திரண்டு வந்துச்சு?"

"எழுத வந்தவரு மூஞ்சியப் பாத்து எழுதிகினு போனாரு."

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. தனியாக நிற்கும் ஒரு நட்சத்திரத்தை வெறுமனே பார்த்து வயது சொல்வது மகா கஷ்டம். நடுவயதில் இருக்கும் நட்சத்திரத்தின் முகம் பல நூறு கோடி ஆண்டுகளுக்குப் பெரிதாக மாறாது. அப்பாவும் அப்படித்தான். கல்யாணப் போட்டோவுக்கும் இன்றைக்கும் மீசையில்தான் கொஞ்சம் வித்தியாசம்.

"சரி, அடையாள அட்டையில அறுபது எப்படி?"

இதற்கு அப்பா கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் எங்கள் தெருவுக்கு அட்டை எடுக்கிற முகாம் வந்தது. வரிசையில் அப்பாவுக்கு முன்னால் நின்றவர் பக்கத்து வீட்டு பிளம்பர். இருவரும் வெள்ளானூரில் ஒன்றாக வளர்ந்தவர்கள். அவர் அப்பாவை அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவார். வயசு என்ன என்று கேட்டதும் பிளம்பர் நாற்பத்தாறு என்றார். அடுத்து அப்பா.

"எனக்கு இன்னா தெரியும்? இவன் நாப்பத்தாறுன்றான். நான் அண்ணாத்தே. அவனுக்குக் கீழ சொன்னா நல்லாவா இருக்கும்? அவனுக்கு மேல ரெண்டு போடுன்னேன்."

போட்டார்கள். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று. அப்பாவுக்குப் பின்னால் நின்றவர் அப்பாவுக்குக் கீழே ஒன்று போடச் சொன்னாராம். அவருக்குப் பின்னால் நின்றவர் அவருக்குச் சமமாக. இப்படியே வரிசை முழுக்க. எங்கள் தெருவில் பாதிப் பேர் புத்தாண்டு அன்று பிறந்திருக்கிறார்கள். வேறு எந்த ஊரிலும் இவ்வளவு ஒழுங்காகக் குழந்தை பெற்றிருக்க மாட்டார்கள்.

தூரத்து நட்சத்திரங்களை அளப்பதும் இதே வரிசைதான். பக்கத்து நட்சத்திரத்தின் தூரத்தை நேராக அளப்பார்கள். அதை வைத்துத் துடிக்கும் நட்சத்திரங்களின் தூரம். அதை வைத்து வெடிக்கும் நட்சத்திரங்களின் தூரம். அதை வைத்துப் பிரபஞ்சம் விரியும் வேகம், அதிலிருந்து வயது. ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த இருநூறு கோடிக் கூத்துக்குப் பெரிய காரணம், துடிக்கும் நட்சத்திரங்களில் இரண்டு வகை இருப்பது தெரியாமல் ஒன்றாக எண்ணியதுதான். முன்னால் நின்றவர் தப்பு, அதனால் பின்னால் நின்ற எல்லாரும் தப்பு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த முகாமில் அப்பாவோடு நானும் நின்றேன். பதினான்கு வயது. கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, எல்லாம் சரியா பாருங்க என்றார்கள். படித்தவன் என்று அப்பா என்னை முன்னால் தள்ளினார். பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, சரி என்றேன். அதற்குப் பிறகு அப்பாவுக்காக நிரப்பிய படிவங்களில் எல்லாம் அந்த ஜனவரி ஒன்றை அழகான கையெழுத்தில் நானே எழுதியிருக்கிறேன்.

அட்டை திருத்தும் மையத்தில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார்.

"பிறப்புச் சான்றிதழ் கொடுங்க சார்."

"இல்லைங்க."

"பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்?"

"பள்ளிக்கோடமே போவலம்மா" என்றார் அப்பா.

"ஏன் சார் போகல?" என்று அப்பாவைக் கேட்டார். நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பதுபோல. அப்பாவும் தப்பு செய்துவிட்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

அரசு மருத்துவரிடம் வயதுச் சான்று வாங்கி வரச் சொன்னார். போனோம். மருத்துவர் பல்லைப் பார்த்தார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு உண்மையைச் சொன்னார்.

"எலும்பு இருபத்தஞ்சு வயசு வரைக்கும்தான் ஒழுங்காப் பேசும் தம்பி. அதுக்கப்புறம் வாயை மூடிக்கும். ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவுலன்னு எழுதறேன். இதுக்கு மேல கேட்டா நான் பொய்தான் சொல்லணும்."

அந்த அலுவலகங்களில் நான் கேட்ட ஒரே விஞ்ஞானப் பேச்சு அது. காகிதத்தை எடுத்துக்கொண்டு மையத்துக்கு ஓடினேன். அந்தப் பெண் இரண்டு தடவை படித்தார்.

"ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவுலன்னு காலண்டர்ல ஒரு தேதி இல்லையே சார்."

சரியான பதில்தான். ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் வாழ்நாளைக் கொடுத்துக் கண்டுபிடித்த வயதை, கூடவும் குறையவும் சில கோடி என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொல்கிறார்கள். எங்கள் தெருவில் வரிசையில் நின்று வாய்க்கு வந்ததைச் சொன்னவர்களுக்கோ ஒரு நாள்கூடப் பிசகாமல் தேதியே இருக்கிறது. ஒன்றும் தெரியாதவனுக்குத்தான் அவ்வளவு துல்லியம் கிடைக்கும்.

அன்று மாலை அப்பா சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஊட்ல குந்திகினு இன்னாடா பண்றது நானு?" என்றார். என்னிடம் கேட்டதா என்று தெரியவில்லை.

அம்மா தட்டை எடுக்க வந்தாள். "பள்ளிக்கோடம் போகலன்னு எதுக்குய்யா அந்தப் பொண்ணுகிட்ட பொய் சொன்ன? ஒரு நாள் போனியே. காலையில போய்க் காலையிலயே வந்துட்ட."

நான் நிமிர்ந்தேன். இருபத்தாறு வருடத்தில் எனக்குத் தெரியாத செய்தி.

"அது ஒரு கதையா?" என்றார் அப்பா. "எங்கப்பா இட்டுகினு போனாரு. வாத்தியாரு, வலது கைய தலைக்கு மேல போட்டு அந்தாண்ட காதத் தொடுறான்னாரு. தொட்டா அஞ்சு வயசு. எனக்கு எட்டல. அடுத்த வருசம் வான்னாரு. அடுத்த வருசம் நான் மாடு ஓட்டிகினு இருந்தேன்."

"கூட யாராவது வந்தாங்களா?"

"நம்ம பிளம்பருதான். அவனுக்கு எட்டிச்சி. சேத்துகினாங்க."

"அப்போ அவருதானே மூத்தவரு?"

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவனுக்குக் கை நீளம்டா! வயசுல நான்தான் பெரியவன்."

ஒளியாண்டு என்று நாங்கள் தூரத்தைக் காலத்தால் சொல்கிறோம். அந்த வாத்தியார் காலத்தைத் தூரத்தால் அளந்திருக்கிறார். அதுவும் ஒரு பையனின் தோளிலிருந்து காது வரைக்கும். ஆனால் எனக்கு அந்த வரிசையின் முதல் ஆள் கிடைத்துவிட்டார். பிளம்பரின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருந்தே தீர வேண்டும்.

மறுநாளே பிளம்பரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வெள்ளானூர் போனேன். வழியெல்லாம் புது வீட்டுமனைப் பலகைகள். அவர் பின்னால் இருந்து எது முன்பு யாருடைய நிலம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"கை எட்டினது நீங்கதானே? அப்புறம் ஏன் அவரை அண்ணாத்தேன்னு கூப்பிடறீங்க?" என்று கேட்டேன்.

"எட்டு வயசுல ஒரு சண்ட, தம்பி. உங்கப்பா என்னை ஏரிக்கரையிலேர்ந்து கீழ உருட்டி உட்டாரு. அன்னிலேர்ந்து அண்ணாத்தே."

தலைமை ஆசிரியை பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்தார். ஓரமெல்லாம் பூச்சி தின்றிருந்தது. பிளம்பரின் பெயர் இருந்தது. பிறந்த தேதி, சேர்ந்த நாளுக்குச் சரியாக ஐந்து வருடம் முன்னால், ஜூன் ஒன்று. அவருக்கு மேலே இருந்தவருக்கும் ஜூன் ஒன்று, கீழே இருந்தவருக்கும். கை எட்டியவர்கள் எல்லாரும் ஒரே நாளில் பிறந்திருந்தார்கள். கை எட்டாதவர்களுக்கு எந்தப் பக்கத்திலும் ஒரு வரிகூட இல்லை.

கணக்குப் போட்டேன். பிளம்பருக்கு இன்று ஐம்பத்தைந்து. அதே நாளில் கை எட்டாத அப்பாவுக்கு ஐம்பத்து நான்கு. ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். மொத்த வாழ்க்கையில் நான் போட்ட நல்ல கணக்கு அதுதான்.

பிளம்பரும் கணக்குப் போட்டிருந்தார். "தம்பி, அட்டையில எனக்கு ஐம்பத்தெட்டு கீது. ரெண்டு வருசத்துல முதியோர் பென்சன் வரும்னு பாத்துகினு கீறேன். அன்னிக்கி வரிசையில ஒருத்தன், வயச ஏத்திச் சொல்லு, சீக்கிரம் பென்சன் வரும்னான். மூணு ஏத்திட்டேன்."

"உங்க அட்டையை யாரும் தொட மாட்டாங்க. அப்பாவுக்குக் கை எட்டலைன்னு சாட்சி மட்டும் சொல்லுங்க."

நம்பி வந்தார். மையத்தில் உள்ளறை அதிகாரியிடம் அனுப்பினார்கள். அவர் பள்ளிச் சான்றை இடது கையிலும் பிளம்பரின் அட்டையை வலது கையிலும் பிடித்துக்கொண்டார்.

"அட்டையில ஐம்பத்தெட்டு. பள்ளியில ஐம்பத்தஞ்சு. எது உண்மை?"

பிளம்பர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"பள்ளிக்கோடம்தான் சார் உண்மை."

"அப்போ அட்டையில பொய் சொல்லியிருக்கீங்க. பொய் சொன்னவர் சாட்சி எப்படிச் செல்லும்?"

"அட்டைதான் உண்மைன்னு வெச்சுக்கிட்டா சார்?" என்றேன்.

"அப்போ இவர் சாட்சி செல்லும். ஆனா இந்தப் பள்ளிச் சான்று தப்பாயிடும். அதை வெச்சு நீங்க போட்ட கணக்கும் தப்பாயிடும்." அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருடைய தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. என் மாணவர்கள் யாருக்கும் இவ்வளவு சுத்தமாக வராது. "முதல்ல இவர் தன் அட்டையைத் திருத்திட்டு வரட்டும். அப்புறம் கை எட்டலைங்கிறது ஒரு ஆதாரமான்னு மேலிடத்துல கேட்கிறேன்."

வெளியே டீக்கடையில் பிளம்பர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார். அவருடைய முட்டி போய்விட்டது. மாடி ஏறித் தண்ணீர்த் தொட்டி மாட்ட இனி முடியாது என்பது தெருவுக்கே தெரியும். "மாத்திக்கலாம் தம்பி. மூணு வருசம்தானே" என்றார்.

வீட்டுக்கு வந்து நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டினார். பல வருடத்துக்குப் பிறகு வாங்கிய திட்டு.

"அவன்கிட்டேர்ந்து மூணு வருசத்தப் புடுங்கி நான் வேலைக்குப் போவணுமா? இதுக்காடா உன்னைப் படிக்க வெச்சேன்? போய் அவனாண்ட சொல்லு, எதையும் மாத்த வேணாம்னு. சொன்னது அண்ணாத்தேன்னு சொல்லு."

படித்தவன் கதை அத்தோடு முடிந்தது.

ஜனவரி முதல் தேதி எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள், யாரும் கொண்டாடவில்லை. அப்பாவை மட்டும் கம்பெனிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் சொந்தச் செலவில் கேக் வாங்கி, மேலே ஆறும் சைபரும் மெழுகுவத்தியாக நட்டு வைத்திருந்தார். அப்பா வாழ்க்கையில் வெட்டிய முதல் பிறந்தநாள் கேக். இவ்வளவு காலம் பிறக்காமலே வேலை பார்த்தவரை, பிறந்த அன்றைக்கே அனுப்பி வைத்தார்கள். சால்வை போர்த்தும்போதே ஒருவர் ஸ்டோரிலிருந்து ஓடிவந்து ஏதோ ஒரு டை எங்கே என்று அப்பாவின் காதில் கேட்டார். அப்பாவும் சொன்னார்.

மீதிக் கேக்கை அட்டைப் பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பிளம்பர் வந்து உட்கார்ந்தார். அம்மா ஆளுக்கு ஒரு துண்டு வைத்தாள். கொஞ்ச நேரம் எல்லாரும் கிரீமை நக்கிக்கொண்டிருந்தோம்.

"டேய், உன் கணக்குல எனக்கு இன்னா வயசு?" என்றார் அப்பா.

"ஐம்பத்து நாலு. ஒண்ணு கூடலாம், ஒண்ணு குறையலாம்."

"அப்போ இன்னும் அஞ்சாறு வருசம் நான் வேலை செய்யலாம்."

"செய்யலாம்."

"உன் நச்சத்திரமெல்லாம் அதத்தான் சொல்லுதா?"

"ஆமாப்பா."

"அப்போ அதுங்களாண்ட சொல்லி ஒரு வேலை வாங்கிக் குடு."

பிளம்பர் சிரித்தார். "அண்ணாத்தே, இப்ப தொடு பாக்கலாம், எட்டுதான்னு."

அப்பா கேக்கைக் கீழே வைத்துவிட்டு வலது கையைத் தூக்கித் தலைக்கு மேல் வளைத்தார். டை தூக்கித் தூக்கி இறுகிப்போன தோள். கை உச்சந்தலையைத் தாண்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். விரலில் இருந்த கிரீம் தலைமுடியில் ஒட்டியது. காது அந்தப் பக்கம் அப்படியே இருந்தது.

"எட்டல" என்று கையை இறக்கினார். "எனக்கு இன்னும் அஞ்சே ஆவல. அதுக்குள்ள அறுபதாம்."